ஏழாவது தட்டில் ஒரு காளை

உக்கிரபாண்டியின் வலது கை காளையின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. எந்த வழியாக உள்ளே போனது என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

உயிருள்ள காளை அல்ல. பழைய செய்தித்தாளைக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் குடத்தின் மேல் ஒட்டி ஒட்டி அவர் தம் கையாலேயே உருவாக்கிக்கொண்டிருந்த காளை. குடத்தின் வாய் மட்டும் பின்பக்கம் வெளியே தெரிந்தது. உள்ளே கையை விட்டுக் குடத்தை உருவிவிடலாம் என்று இழுத்தார். குடம் வரவில்லை. பிறகு கையும் வரவில்லை.

மனைவி செல்லத்தாய் அடுப்படி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன, பிரசவமா பாக்குறீக?"

"பேசாம நல்லெண்ணெய எடுத்துட்டு வா."

"எங் கொடம் முழுசா வரணும். ஆளு எப்படி வந்தாலும் சரி."

அப்போது போன் அடித்தது. திரையில் 'சம்பந்தி' என்று வந்தது. சம்பந்தி வீட்டு அழைப்பை மூன்றாவது மணி வரை அடிக்க விடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். உக்கிரபாண்டி உட்கார்ந்த இடத்திலேயே முதுகை நிமிர்த்தினார். செல்லத்தாய் போனை அவர் காதில் வைத்துப் பிடித்தாள்.

"அண்ணே, சத்யப்ரியா பேசுறேன். நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் தங்கச்சி. சொல்லுங்க."

"போன்ல ஒரு அழைப்பு வந்திருக்கு. நீங்கதான் அனுப்பியிருக்கீங்க. தலைப்பு, 'சம்பந்தி வாயை அடைக்க ஐம்பத்தொரு யோசனை'. அந்தச் சம்பந்தி நான்தானேண்ணே?"

காளைக்குள் இருந்த உக்கிரபாண்டியின் விரல்கள் மெல்ல மடங்கின.

விஷயம் இதுதான். உக்கிரபாண்டிக்கு ஒரே மகள், ரோகிணி. போன ஆவணியில் மதுரை கே.கே. நகரில் கட்டிக்கொடுத்தார். இது அவளுக்குத் தலைப்பொங்கல். சமயநல்லூரில் உக்கிரபாண்டி வீட்டிலிருந்து சீர் போக வேண்டும். கரும்பு, மஞ்சள் கொத்து, வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், பட்டு என்று ஏழு தட்டு. ஒற்றைப்படைதான் முறை. நாள் கேட்கப் போன இடத்தில் சம்பந்தியம்மா காப்பி டம்ளரைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"ஆறு தட்டு உங்க இஷ்டம்ணே. ஏழாவது தட்டுல கடைச் சாமான் வேண்டாம். காசை விட்டெறிஞ்சா யார் வேணாலும் வாங்கலாம். உங்க வீட்டுக் கையால செஞ்சது ஏதாவது ஒண்ணு வைங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, உங்க வீட்டுல யாருக்காவது கைவேலை வருமா?" என்றும் கேட்டார்.

உக்கிரபாண்டி முப்பத்து நான்கு வருஷம் அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவர் ஏறினால் டிக்கெட் எடுத்தவன்கூடப் பையைத் தடவுவான். அப்படிப்பட்டவரைப் பார்த்து, 'வருமா' என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"வரும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. அதைப் பேருந்தில் ஏறிய பிறகுதான் யோசித்தார்.

ரோகிணிதான் ஒரு செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். "அப்பா, பண்டிகைக்குச் செய்யற பொருள், கையால செய்யற பரிசு, எல்லாத்துக்கும் இதுல படம் இருக்கு. பிடிச்சதைத் தொட்டா உங்க போர்டுல சேந்துரும். தலைப்பு வாரியா அடுக்கி வச்சுக்கலாம்."

அடுக்குவதை உக்கிரபாண்டிக்குச் சொல்லித் தர வேண்டுமா? மூன்றே நாளில் ஐம்பத்தொரு படங்களைச் சேர்த்து, பணிமனையில் தடங்களைப் பிரிப்பதுபோல் பிரித்துவிட்டார். தடம் ஒன்று, பானைக்கு வண்ணம் தீட்டுதல். தடம் இரண்டு, பழைய சேலையில் தோரணம். தடம் மூன்று, வாழை நாரில் பூக்கூடை. ஒவ்வொன்றுக்கும் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் குறித்தார். கடைசியில் தடம் ஐந்தைத் தேர்ந்தெடுத்தார்: 'காகிதத்தில் கம்பீரக் காளை. ஒரு மணி நேரம் போதும்.'

மொத்தத்துக்கும் ஒரு தலைப்பு வைத்து முடித்ததும் செயலி, 'யாரையெல்லாம் அழைக்க விரும்புகிறீர்கள்?' என்று கேட்டது. கீழே போனில் இருந்த பெயர்கள் வரிசையாக நின்றன.

அழைப்பு என்று வந்துவிட்டால் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்பது உக்கிரபாண்டிக்கு மனப்பாடம். பத்திரிகை வைப்பதில் சம்பந்தி வீட்டை விட்டுவிட்டு ஊர் இரண்டுபட்ட கதைகளை அவர் பார்த்திருக்கிறார். எனவே முதல் அழைப்பு சம்பந்திக்கு. அடுத்தது மாப்பிள்ளைக்கு. அதன் பிறகு மேலூர்ப் பங்காளிகளுக்கு. எல்லாவற்றையும் முறைப்படி தொட்டு அனுப்பிவிட்டு நிம்மதியாகப் பசை காய்ச்சப் போனார்.

இப்போது சம்பந்தியம்மா போனில் இருக்கிறார்.

"அது... வாயை அடைக்கன்னா, ஆச்சரியத்துல வாயடைச்சுப் போறதுக்குன்னு அர்த்தம் தங்கச்சி."

"நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன். சரி, ஒரு விஷயம். போகியன்னைக்கு எங்க தெருச் சங்கத்துல கைவேலைப் போட்டி. நீங்க அன்னைக்குத்தானே சீர் கொண்டு வாறீங்க? உங்க பொருளையும் எங்க வீட்டு நம்பர்லயே வச்சிருவோம். நானும் ஒண்ணு வைக்கிறேன். யார் வாய் அடையுதுன்னு தெருவே பாக்கட்டும்."

"பேரு குடுக்கணுமா?"

"அதான் கிடையாது. போன வருஷம் பேரைப் பாத்துப் பரிசு குடுத்தாங்கன்னு பெரிய சண்டை. அதனால இந்த வருஷம் பேரும் கிடையாது, வயசும் கிடையாது, கதவு நம்பர் மட்டும்தான். சீதாராமன்னு ஒரு டிராயிங் வாத்தியார். பொருளைப் பாத்தே தரம் பிரிச்சு மேசையில வைப்பாராம்."

"நல்ல முறை. வாரேன்" என்றார் உக்கிரபாண்டி.

போனை வைத்ததும் செல்லத்தாய் அவரைப் பார்த்தாள். "தெருவே பாக்கப் போகுதாம். அதுக்குள்ள கைய வெளிய எடுத்துருவீகளா? இல்ல, இப்படியே கூட்டிட்டுப் போயிருவமா?"

நல்லெண்ணெய் ஊற்றியதில் கை வந்தது. குடமும் வந்தது. கூடவே காளையின் வயிறும் முன்னங்கால் வரை பிளந்துகொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் ரோகிணி போன் செய்தாள். "என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க! அத்தை எல்லாருக்கும் படிச்சுக் காட்டுறாங்க. அவங்க பேரை அழுத்திப் பிடிச்சீங்கன்னா 'நீக்கு'ன்னு வரும். தட்டிவிட்டுருங்க."

"ஏத்தா, அழைச்ச சம்பந்திய எந்திரிச்சு வெளிய போன்னு சொல்றதா? நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்ல."

எனவே சம்பந்தியம்மா உள்ளேயே இருந்தார். உக்கிரபாண்டி செயலியில் எதைத் தேடிச் சேர்த்தாலும் அது கே.கே. நகரில் மணியடித்தது. 'பிளந்த காகித பொம்மையை ஒட்டுவது எப்படி' என்று ஒன்றைச் சேர்த்தார். ஒரு நிமிஷத்தில் அதன் கீழே சம்பந்தியம்மாவின் சிவப்பு இதயம் வந்து விழுந்தது.

வயிற்றை ஒட்ட மூன்று நாள் செய்தித்தாள் செலவானது. காளை ஊறிக் கனத்தது. காய வைப்பதற்காக மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனார். பக்கத்து வீட்டு வெள்ளாடு சுவரொட்டி தின்று வளர்ந்தது. மைதாப் பசை எங்கே இருந்தாலும் அதற்கு மூக்கு வியர்க்கும். படியேறி வந்து காளையின் ஒரு பின்னங்காலையும் மூக்கையும் தின்றுவிட்டு, மாடியிலேயே படுத்து அசை போட்டது.

"ஜல்லிக்கட்டுக் காளைய ஆடு தின்னது நம்ம வீட்டுலதான்" என்றாள் செல்லத்தாய்.

'விலங்கு கடித்த கைவினைப் பொருளைச் சரிசெய்வது எப்படி.' இதயம்.

இனி ஆடு நெருங்கக்கூடாது என்று புதுப் பசையில் அரை லிட்டர் வேப்பெண்ணெய் கலந்தார். ஆடு நெருங்கவில்லை. வேறு யாரும் நெருங்கவில்லை. அதன் மேல் வெள்ளைச் சாயம் அடித்தபோது, எண்ணெயில் சாயம் நிற்காமல் கன்றுக்குட்டி நக்கியதுபோல் கோடு கோடாக வழிந்தது. நாற்றம் போக வேண்டுமென்று காளையை மூங்கில் கூடையால் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகை போட்டார். கூடையைத் தூக்கியபோது ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் கறுப்பு.

உக்கிரபாண்டி சுற்றி வந்து பார்த்தார். பிறகு தீர்மானமாகச் சொன்னார்: "மயிலைக் காளை."

"நாலு காலு இருந்தாத்தான் காளை. இது மூணு சக்கர ஆட்டோ."

அதற்கும் வழி கண்டார். அடுப்படியில் இருந்த பூரிக்கட்டையை எடுத்து, தின்ற காலுக்குப் பதிலாகச் செருகி, சணல் சுற்றி, பசை பூசினார். இரண்டு அங்குலம் குட்டை. ஆனாலும் கால். அதைக் குனிந்து ஒட்டும்போது அவர் மூக்குக்கண்ணாடி பசைச் சட்டிக்குள் விழுந்தது. எடுத்துக் கழுவியும் இரண்டு கண்ணாடியிலும் மைதா ஆடையாகக் காய்ந்துவிட்டது. இனிமேல் பொங்கல் கழித்துத்தான் கண்ணாடிக் கடைக்குப் போக முடியும்.

போகிக்கு முதல் நாள் செல்லத்தாய் காளையை வெகுநேரம் பார்த்தாள். அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவளைப் பார்த்தது.

"இந்தாங்க. ஒரு வார்த்த சொல்றேன், கோவிச்சுக்காதீக. கடையில மண்ணுக் காளை ஒண்ணு அழகா இருக்கு. வாங்கி வச்சிருவம். நாம செஞ்சதுன்னு சொன்னா யாருக்குத் தெரியப்போவுது?"

உக்கிரபாண்டி அவளை ஏறிட்டுப் பார்த்தார். முப்பத்து நான்கு வருஷம், அடுத்தவன் பாஸைத் தன் பாஸ் என்று நீட்டிய எத்தனை பேரைப் பாதி வழியில் இறக்கிவிட்டவர் அவர்!

"எனக்குத் தெரியுமே" என்றார்.

செல்லத்தாய் உள்ளே போய்த் தன் கல்யாணப் பட்டின் கிழிந்த முந்தானையை எடுத்து வந்து, சரிகைப் பக்கத்தைக் கத்தரித்து, காளையின் கழுத்தில் கட்டிவிட்டாள். அந்த ஒரு இடம் மட்டும் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

போகி காலையில் சீர் புறப்பட்டது. ஒரு குட்டியானை வண்டியில் கரும்புக் கட்டு, ஆறு தட்டு, நடுவில் ஏழாவது தட்டில் காளை. வெள்ளை வேட்டியும் துண்டுமாக உக்கிரபாண்டி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார். கோரிப்பாளையம் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி குதித்ததில் காளையின் இடது கொம்பு கழன்று சாலையில் விழுந்தது. பின்னால் வந்த பேருந்து அதன் மேல் ஏறிப் போனது. மஞ்சள் கொத்திலிருந்து ஒரு கிழங்கை ஒடித்து உக்கிரபாண்டி அந்த இடத்தில் செருகினார். முகம் மாறவில்லை.

கே.கே. நகரில் பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில் மாப்பிள்ளை சூரியபிரகாஷ் ஓடி வந்து தட்டை வாங்கினான். வாங்கியவன் மூக்கைச் சுருக்கி, உடனே நிமிர்த்தினான்.

"மாமா, இது... யானைதானே?"

"காளை, மாப்ள."

"அதான் மாமா. காளைதான். யானை மாதிரி கம்பீரமா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

ரோகிணி காளையைப் பார்த்தாள். அப்பாவின் விரல்களில் காய்ந்து வெடித்திருந்த பசையைப் பார்த்தாள். "நீங்களே செஞ்சீங்களாப்பா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. வேப்பெண்ணெய் காரணமாகவும் இருக்கலாம்.

சத்யப்ரியா ஒரு பொருளைத் துண்டு போட்டு மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லாரும் தெருமுனைப் பூங்காவுக்குப் போனார்கள். அங்கே மூன்று மேசைகள். ஒன்றில் வெள்ளைத் துணி, ஒன்றில் பச்சை, மேடைக்குப் பக்கத்தில் இருந்ததில் மஞ்சள். டிராயிங் வாத்தியார் சீதாராமன் ஒவ்வொரு பொருளாக வாங்கிப் பார்த்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் ஏதோ ஒரு மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

காளை வந்ததும் நின்றார். ஒருமுறை சுற்றினார். பூரிக்கட்டையைத் தொட்டார். மஞ்சள் கொம்பைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த வயசில் இப்படி ஒரு துணிச்சலா!" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, இரண்டு கையாலும் ஏந்திப்போய் மஞ்சள் மேசையின் நடுவில் வைத்தார்.

அறுபத்தாறு வயதைப் பார்த்த மாத்திரத்தில் மதிக்கத் தெரிந்த மனிதர் என்று உக்கிரபாண்டி நினைத்தார். மேடைக்குப் பக்கத்து மேசை வேறு. முதல் தரம் என்பதில் சந்தேகமில்லை.

அடுத்து சத்யப்ரியா துண்டை விலக்கினார். ஐஸ் குச்சிகளால் கட்டிய குடிசை. கூரை காற்றில் ஆடியது. கதவு இருந்த இடத்தில் ஜன்னல் இருந்தது. வாத்தியார் அதையும் கனிவோடு வாங்கி மஞ்சள் மேசையிலேயே வைத்தார்.

"பாத்தீங்களாண்ணே? எனக்கும் முன் மேசைதான்."

"பாத்தேன் தங்கச்சி. குடிசைக்குக் கூரைய இறுக்கிக் கட்டியிருக்கலாம்."

"காளைக்குக் கொஞ்சம் காலை இறுக்கிக் கட்டியிருக்கலாம்."

சொல்லி வாய் மூடவில்லை, காளை சாய ஆரம்பித்தது. குட்டைக் கால் பக்கமாக, மெதுவாக, கூடியிருந்த தெரு மொத்தமும் பார்க்க. உக்கிரபாண்டி இரண்டே எட்டில் போய்ப் பிடித்தார். மேசை ஓரத்தில் ஏதோ எழுதிய அட்டை ஒன்று மேடையைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தது. மைதா படிந்த கண்ணாடியில் அது வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. அதை எடுத்து நாலாக மடித்து, பூரிக்கட்டைக்கு அடியில் செருகினார். காளை நிமிர்ந்தது. சரிகைக் கழுத்தும் மஞ்சள் கொம்புமாக, வாடிவாசல் திறந்ததுபோல் நிமிர்ந்து நின்றது.

மேசையில் இருந்த மற்றப் பொருள்களை அவர் ஒரு பார்வை பார்த்தார். மூன்று கால் மண் கோழி, பட்டாணி ஒட்டிய தேங்காய்ச் சிரட்டை, மூக்கில்லாத காகிதப் பிள்ளையார். முதல் தரத்திலேயே இவ்வளவுதான் என்றால், மற்ற இரண்டு மேசையைப் பார்க்க வேண்டியதே இல்லை. பார்க்கவும் இல்லை.

பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

"மஞ்சள் மேசை! முதல் பரிசு, கதவு எண் பதினாலு, காளை! இரண்டாம் பரிசு... அட, அதுவும் கதவு எண் பதினாலு, குடிசை! ஒரே வீட்டில் இவ்வளவு திறமையா! பலத்த கைதட்டல் குடுங்க!"

தெரு தட்டியது. செல்லத்தாய் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினாள். உக்கிரபாண்டி குடும்பத்தில் மேடையேறித் தோற்றவர் யாரும் இல்லை. மேடையேறியவரே யாரும் இல்லை என்பது வேறு விஷயம். அவர் துண்டைத் தோளில் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு படியாக ஏறினார்.

சீதாராமன் கோப்பையை அவர் கையில் கொடுத்து, "பெரியவா நீங்களே வந்து வாங்கிக்கிறது ரொம்பச் சந்தோஷம்" என்றார்.

"நாங்க இருக்குறப்ப வேற யாரு வாங்குறது?" என்றார் உக்கிரபாண்டி.

சத்யப்ரியா சின்னக் கோப்பையை வாங்கிக்கொண்டார். மூன்றாம் பரிசு அந்த மண் கோழிக்கு; அதை வாங்க ஒரு சிறுமி கட்டை விரலைச் சூப்பிக்கொண்டே ஏறி வந்தாள். பரிசு வாங்கக்கூடப் பெரியவர்கள் வராமல் பிள்ளையை அனுப்பி வைக்கிறார்களே என்று உக்கிரபாண்டி வருத்தப்பட்டார்.

மேடையிலிருந்து இறங்கிய சத்யப்ரியாவின் வாய் அடைத்திருந்தது. பிறகு எல்லார் முன்னாலும் சொன்னார்:

"ஒத்துக்கிறேண்ணே. ஏழு தட்டுல ஏழாவது தட்டுதான் சீர். உங்க வீட்டுக் கைக்கு வேலை வரும்."

"உங்க குடிசையும் லேசுப்பட்டது இல்ல தங்கச்சி. ரெண்டாவதுன்னா சும்மாவா?"

"காளைய எங்க வீட்டு வரவேற்பறையிலதான் வைக்கப் போறேன்."

"ஜன்னலத் தொறந்து வச்சுக்கங்க மதினி" என்றாள் செல்லத்தாய்.

ரோகிணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சூரியபிரகாஷ் கோப்பையோடு மாமாவைப் படம் எடுத்தான். அந்தப் படத்தை உக்கிரபாண்டி அங்கேயே நின்று செயலியில் ஐம்பத்து நான்காவதாகச் சேர்க்கப் போனார். ஐம்பத்து நான்கு இரட்டைப்படை. எனவே சம்பந்தியம்மாவின் படத்தையும் சேர்த்து ஐம்பத்தைந்தாக்கினார். தலைப்பில் இருந்த 'வாயை அடைக்க' என்பதை மகளிடம் சொல்லி அழிக்க வைத்தார். பெருந்தன்மை என்பது ஜெயித்தவனுக்குத்தான் அழகு.

அப்போது சங்கத்துக் காவலாளி சின்னச்சாமி, நாலாக மடிந்த ஒரு அட்டையை விரித்து நீவிக்கொண்டே மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அய்யா, 'ஆறு வயதுக்கு உட்பட்டோர்'ங்கிற அட்டையக் காணோம்னு தேடுனா, உங்க காளைக்கு முட்டுக் குடுத்துக் கெடக்கு. இதப் பிடிச்சுக்கிட்டு மொத மூணு பிள்ளைகளும் போட்டோவுக்கு நிக்கணுமாம், அந்தக் கோழிக்காரப் பாப்பா அப்பவே வந்துருச்சு, உங்க வீட்டுப் பிள்ளைக ரெண்டையும் எங்க காணோம்?"